பனியா, தண்ணீரா, தெரியாதா?

ஒரு படம், நடுவே ஒரு கறுப்புத் திட்டு. அது தண்ணீரா, பனியா?

மூன்று வாரமாகப் பார்க்கிறேன். இன்னும் சொல்லத் தெரியவில்லை.

என் புது வேலையைப் பற்றிச் சொன்னால், “ஐஸ் கம்பெனியிலயா?” என்றுதான் கேட்கிறார்கள். இல்லை... நாகர்கோவிலில், ஒரு நகைக்கடையின் மாடியில் உட்கார்ந்து வடதுருவக் கடலின் சாட்டிலைட் படங்களைப் பார்க்கும் வேலை. ரேடாரில் எடுத்த படங்கள். மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. பனிக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று நாங்கள் தீட்டிக் கொடுப்போம். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். பிறகு தானே பிரித்து, கப்பல்களுக்கு வரைபடம் போட்டுத் தரும்.

எளிதாகத் தெரிகிறதா? அலையில்லாத தண்ணீரும் கறுப்பு, புதிதாக உறைந்த மெல்லிய பனியும் கறுப்பு. காற்றடித்த தண்ணீரும் வெளுப்பு, பழைய பனியும் வெளுப்பு!

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகே வேலைக்கு வந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அதனால் ஒரு மூலையைக்கூட வெறுமே விட்டதில்லை. சந்தேகம் வந்த இடமெல்லாம் பனி என்றே தீட்டினேன். கப்பலில் இருப்பவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே? நான் தண்ணீர் என்று சொல்லி, அவன் போய் மோதிவிட்டால்...?

போன வாரத் தொடக்கத்தில், என் படங்களில் படித்த கம்ப்யூட்டருக்கு முதல் பரீட்சை. கோடைக்காலப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். கடல் முழுவதும் பனி என்றது.

பக்கத்து சீட் ஜெனிட்டா, குலசேகரத்துக்காரி, எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, கடலை ஒட்டுமொத்தமா உறைய வச்சிட்டியே. குளச்சல்ல மீனுக்கு இனி ஐஸ் பிளான்ட் எதுக்கு?”

“நான் என்ன செய்தேன்? அதுல்லா தப்பு சொல்லுது.”

“அதுக்கு டீச்சர் யாருட்டி? நீயாக்கும்.”

டீம் லீடர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் திரையின் ஓரத்தில் இருந்த சாம்பல் நிறப் பட்டனைக் காட்டினார். ‘தெரியவில்லை’ என்பதற்கான நிறம்.

“இதை ஒரு தடவைகூட நீங்க தொடலியே, ஏன் மேடம்?”

பரீட்சையில் ஒரு கேள்வியையும் விடாதே, எதையாவது எழுதி வை என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

“தெரியலைன்னா, வேலை தெரியாதவன்னு நினைப்பீங்கன்னு...”

“எல்லாம் தெரியும்னு நீங்க சொன்னீங்க, கம்ப்யூட்டரும் அதை நம்பிட்டு. எல்லாத்தையும் ஐஸுன்னு சொன்னா எந்தக் கப்பல்காரன் நம்ம மேப்பைத் திறப்பான்? வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திக் குடுங்க. பொறவு பாப்போம்.”

நாலு நாள்தான் இருந்தது. முதல் சாம்பலை வைக்கவே கை வரவில்லை. ஜெனிட்டா தன் டப்பாவிலிருந்த அவித்த மரச்சீனிக் கிழங்கை என் பக்கம் தள்ளினாள். “தின்னுட்டு போடு மக்கா. தெரியலைன்னு சொன்னதுக்கு யாரும் தலையை எடுக்க மாட்டாவ.”

போட்டேன். ஒன்று, இரண்டு... அப்புறம் எண்ணவில்லை. தோளில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அதே படம், அதே பரீட்சை. திருத்தியதைப் படித்த கம்ப்யூட்டர் பெரும்பகுதி தண்ணீர் என்றது. வடக்கு ஓரத்தில் மட்டும் பனி. நடுவில் இரண்டே இடம் சாம்பல். மனிதர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று அதுவே ஒதுக்கி வைத்திருந்தது.

“அடுத்த செட்டும் நீங்களே பாருங்க” என்றார் லீடர்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து மகளிடம், “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், கேட்டியா?” என்று சொல்லிவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. மறுநாளே தாள் வந்தது. மூன்று கேள்விகளுக்கு, முத்து முத்தான கையெழுத்தில், ‘தெரியாது’. கீழே சிவப்பு மையில், ‘பெற்றோர் வந்து பார்க்கவும்’.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்பதா, மகளுக்காகப் பேசுவதா? பிள்ளை வளர்த்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் ஒரு வரி எழுதுங்கள். ‘தெரியாது’ என்று எழுதினாலும் பரவாயில்லை... நான் மார்க்கைக் குறைக்க மாட்டேன்.