சேற்றுச் சப்பாத்தும் கோயில் அன்ரியும்

இன்று சனிக்கிழமை மாலை, நகரின் ஓரத்திலுள்ள குரோருட்டுக்குப் போகும் சுரங்க ரயிலில் முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தேன். கோயிலில் பழக்கமான அன்ரி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிள்ளை, ஒஃபிஸ் வேலை போயிட்டுதோ?”

“இல்லை அன்ரி. பழைய நீராவி ரயில் ஓடுற பாதையைத் திருத்தப் போனனான். தண்டவாளத்துக்குக் கீழ உக்கின சிலிப்பர் கட்டையளைக் கழட்டிப் புதுசு போட்டனாங்கள்.”

“எவ்வளவு தருவினம்?”

“காசு இல்லை. டுக்னாட் தானே, எல்லாரும் சேந்து சும்மா செய்யிறது. கோப்பியும் வாஃபலும் தருவினம்.”

“உது வெள்ளைக்காரற்றை விளையாட்டு. படிச்ச பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ?”

“கோயில் தேர் இழுக்கிறவைக்கு ஆர் சம்பளம் குடுக்கினம்?”

“அது சாமி காரியம்.”

“இது ரயில் காரியம்.”

இறங்கும்போது அன்ரி என் கையைப் பிடித்து, “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அம்மா தொலைபேசியில் அழுகிறார். எனக்கு வேலை போய்விட்டதாம். அன்ரி பாவம் பார்த்து, தன் மகனின் கடையில் எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாராம்.

எனக்கு வேலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்குப் பிடித்த வேலையும் இருக்கிறது. அடுத்த சனியும் இதே சேற்றோடு இதே ரயிலில்தான் வருவேன். உடுப்பு மாற்றப் போவதில்லை.

உங்களில் யாருக்காவது கடை வேலை வேண்டுமென்றால் சொல்லுங்கள், அன்ரியிடம் ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வேலை வேண்டுமென்றால் என்னோடு வாருங்கள். கையுறை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.