பதினாறு சாம்பல் நிறங்களில் ஒரு முகம்

அன்று என் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் இருந்தோம். நான், என் மகள் தவமணி, கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டில் அறை எடுத்திருந்த நிரஞ்சலா, அவளுடைய அலுவலகப் பொறுப்பாளர் குமரேசன். போன செவ்வாய்க்கிழமை, நிரஞ்சலா நோயில் போய்விட்டாள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நான்கு கதிரைகள்தான் கண்ணில் நின்றன.

அவளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில், காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றில் அவள் கணினி வேலை செய்தாள். உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள் அவர்களின் படங்களை ஏற்றுவது அவள் பொறுப்பு. தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வருகிறவர்களிடம் அதைக் காட்டி விசாரிப்பார்கள். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்ட என் மகன் ரவியின் படமும் அதில் இருந்தது.

கருவிக்குள் இடம் போதாது. சுருக்கித்தான் வைப்பாள். ஒரு முகத்தை விரித்துக் காட்டி, அதை மூடிய பிறகே அடுத்ததை விரிக்கலாம். இரண்டை விரித்தால் கருவி அப்படியே நின்றுவிடும். எவ்வளவு சுருக்கலாம் என்று பார்க்க, எங்கள் தெருக்காரர்களின் படங்களைச் சுருக்கி என்னிடம் நீட்டுவாள். நான் ஆளைச் சொல்லவேண்டும்.

"இவன் தேர்க் கூட்டத்துல என்னைத் தள்ளிவிட்டவன்" என்றேன் ஒருநாள்.

"உங்கட தலைக்குள்ள இருக்கிற இடத்தில பாதி இதுக்குள்ள இருந்தாக் காணும் அம்மா. நீங்கள் ஒண்டையும் அழிக்கிறேல்லை" என்று சிரித்தாள்.

பதினாறு சாம்பல் நிறங்கள் இருந்தால், ரவியின் இடது புருவத்துத் தழும்பு தெரியும். நான்காகக் குறைத்தால் போய்விடும்.

குமரேசன் அன்று எங்கள் மேசைக்கு வந்தது அதற்குத்தான். கருவி கொடுத்தவர்களின் சின்னம் முதலில் பெரிதாகத் தெரியவேண்டுமாம். அதற்கு இடம்விட, முகங்களை நான்கு நிறத்துக்கு இறக்கச் சொன்னான்.

"ஏலாது. எல்லா முகமும் ஒரே மாதிரி வரும்" என்றாள் நிரஞ்சலா.

அவன் நான்கு நிறத்தில் ஒரு முகத்தை விரித்து, கருவியை என் பக்கம் திருப்பினான். "அம்மா, யாருன்னு தெரியுதா?"

"ஏம் புள்ள ரவி. எனக்குத் தெரியாமப் போகுமா?"

"பாத்தியா தங்கச்சி? பிறகென்ன?"

"அவ பெத்த தாய். தெரியாத ஆக்களுக்கெல்லோ காட்டப் போறம்!"

அவன் சிரித்தான். தவமணி வைத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனான். முகங்கள் நான்கு நிறத்தில்தான் கருவிக்குள் போயின.

சில மாதம் கழித்து, அறை கேட்டு ஒருவர் வந்தார். தடுப்பிலிருந்து வந்தவர். சுவரில் ரவியின் படத்தைப் பார்த்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் புருவம்... இவரு எங்ககூட இருந்தாரும்மா. அந்தக் கருவியில இவரையுமா காட்டுனாங்க? எனக்கு அடையாளம் தெரியலையே." அலுவலகத்தார் அந்தத் தடுப்பு முகாமுக்கு ஓடினார்கள். முந்தின மாதமே ரவியை வேறெங்கோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நிரஞ்சலா அந்த வேலையை விட்டாள். பழைய கருவி ஒன்றில் ரவியை மட்டும் பதினாறு நிறத்தில் ஏற்றி என்னிடம் தந்தாள். என்னிடம் இருப்பது அதுதான். பற்றரி முழுதாக இறங்கினால் படம் அழிந்துவிடும். பழையதைக் கழற்றிப் புதியதைப் போட ஒரு நிமிடம் கிடைக்கும். தவமணி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழிந்தால் மறுபடி ஏற்றித்தர நிரஞ்சலா இருந்தாள். இனி அழிந்தால் அழிந்ததுதான்.

கடைசியாக நிரஞ்சலாவைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்தாள். "தெரியும் எண்டு சொன்னதுக்காக உங்களை நீங்களே தின்னாதேங்கோ, அம்மா." அவளுக்காக என்னை மன்னித்துவிட்டேன். இன்னொருவனை மன்னிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடியாது. அவன் பெயர் குமரேசன்.