மெட்ராஸ் லைன் மெலியும்போது

ரேடியோ டெலிபோன் ஆபரேட்டருக்கு வானம்தான் மேலதிகாரி. அவர் எப்போது லீவு போடுவார் என்று யாருக்கும் சொல்வதில்லை. டிரங்க் கால் போட்டுவிட்டுக் காது வலிக்கக் காத்திருந்த உங்களுக்கு இது புரியும். அறுபதுகளில் போர்ட் பிளேரில் மெட்ராஸ் லைன் என் பொறுப்பு. லைன் தெளிவாக இருந்தால் மனம்போலப் பேசலாம்; மெலிந்தால் பேச்சைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதுதான் தொழில். அதில் நான் கெட்டிக்காரன்.

மச்சான் வீட்டு ஆடு

எங்கள் ஊர் ஷாதிபூர் பகுதிக் காதர் பாய் ஜவுளிக்கடைக்காரர். கடைக்காரர் வழக்கப்படி ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று அவர் துணி அளக்கும் ராகம் தெருமுனைவரை கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த எண்ணைச் சொல்வது சின்ன மகள் ஜமீலா. அவளைக் கண் ஆபரேஷனுக்காக அவள் உம்மா மெட்ராஸுக்குக் கூட்டிப் போயிருந்தார்.

முதல் காலில் லைன் பளிங்குபோல் இருந்தது. பாய் சலாம் சொன்னார், மாமியாரை விசாரித்தார், மச்சானை விசாரித்தார், மச்சான் வீட்டு ஆட்டையும் விசாரித்தார். ஆபரேஷன் எப்போது என்று கேட்க வாய் திறந்தார், வெறும் இரைச்சல். முதலில் விஷயம், பிறகு நலம் என்று அவருக்குச் சொன்னேன்.

"எடுத்ததும் விஷயத்தைக் கேட்டா, மாமியார் என்னைப் போலீஸ்னு நெனப்பாங்க தம்பி."

மிச்சம்

அடுத்த காலில் குரல் நூலாக வந்தது. பழகிய காதுக்கு மட்டுமே புரியும். ஜமீலாவின் உம்மா நெடுநேரம் பேசினார். நான் கேட்டு, சாரத்தை எடுத்துச் சொன்னேன்: வியாழக்கிழமை ஆபரேஷன், நல்ல டாக்டர். பாய் என் முகத்தையே பார்த்தார்.

"அவ அவ்வளவு நேரம் பேசினாளே, மிச்சம் எங்கே தம்பி?"

வியாழக்கிழமை காலை

ஆஸ்பத்திரியிலிருந்து கால். வாப்பாவின் குரலைக் கேட்காமல் ஆபரேஷன் அறைக்குள் வரமாட்டேன் என்று ஜமீலா அடம். இன்று தவறினால் அடுத்த முறை எப்போதோ என்கிறார் டாக்டர். பாயை வரவழைத்துவிட்டேன், லைன்தான் தெளியவில்லை. அவர் பேசப் பேச வார்த்தைகள் நொறுங்கின. வழக்கம்போல, பயப்பட வேண்டாம் என்று வாப்பா சொல்வதாகச் சொல்லுங்கள் என்று, என்னைப்போலவே இரைச்சலில் காது பழகிய மெட்ராஸ் ஆபரேட்டர் அம்மாளிடம் சொன்னேன்.

"அப்படி யார் வேணாலும் சொல்லலாமாம் சார். ஒத்துக்க மாட்டேங்குறா."

வார்த்தையை வைத்துக்கொண்டு குரலை விட்டுவிடுவதே என் வழக்கம். இவளுக்கோ வார்த்தையே தேவையில்லை. "பாய், பேசாதீங்க. துணி அளங்க" என்றேன். அவர் மேஜை விளிம்பை முழம் போட்டபடி, கடையில்போலவே நீட்டி இழுத்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." எழுத்து ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது, ராகம் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்த அம்மாளின் குரல்.

"'நாலு'ன்னு சொல்லிட்டு, தானா நடந்து உள்ள போயிட்டா சார். ஆமா, அது என்ன பாட்டு?"

ஜமீலா கண் தெளிந்து கப்பலில் வந்து இறங்கினாள். நானோ அன்றுமுதல், லைன் மெலிந்த நாளில் வருபவர்களிடம் பாடத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன்.