மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய ஆடு

காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பூரில் ரயில் ஏறினேன். துணைக்கு ஓர் ஆடு. ஒரு சாண் உயரம், தாடி உண்டு, கால்கள் மூன்று. கையால் பின்னிய நூல் பொம்மை. முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கும் என் கணவர், "ஆட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று வாசலிலேயே கிண்டல் செய்து அனுப்பினார்.

ஆடு எங்கள் மகள் மலருடையது. மட்டாஞ்சேரியில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து மூன்று வயதில் அவளைத் தத்தெடுத்தோம். வரும்போது அவள் கையில் இருந்த ஒரே சொத்து இதுதான். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். போன வாரம் பெட்டியிலிருந்து ஆட்டை எடுத்தவள் கையோடு கால் வந்துவிட்டது. "புதுசு வேண்டாம்மா. புள்ள பொறக்குறதுக்குள்ள இதையே சரி பண்ணிக் குடுங்க" என்றாள். அவள் எதையும் கேட்டு அழுகிற பெண் இல்லை. அன்று அழுதாள்.

பனியன் ஊரில் ஒரு கால் பின்ன ஆள் கிடைக்காதா என்று நினைத்தேன். நானே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் காட்டிய இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். "இது கைப்பின்னல்க்கா. ஒரு கண்ணி நழுவினா வயிறு வரைக்கும் உருவிக்கிட்டு வந்துடும். பின்னுனவங்கதான் தொடணும்" என்றார் டைலர் மாஸ்டர். மலரைத் தத்தெடுத்த அன்று இல்லத்தார் காட்டிய, ஆட்டைப் பின்னிய பெண்களின் கூடம் நினைவுக்கு வந்தது. ஆட்டை வெள்ளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆலுவாவில் பெரியாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியது. மலரைக் கூட்டிவரப் போன முதல் பயணத்தில் இதே பாலத்தின் மேல்தான் என் கணவர், அதுவரை வாயே திறக்காதவர், "அந்தப் புள்ளைக்கு நம்மளப் புடிக்குமா?" என்று கேட்டார். ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்தரை மணிக்கு எர்ணாகுளம். அன்று படகில் போனோம். இன்று கையில் நோயாளி இருந்ததால் ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். "தமிழா சேச்சி? என்ட பெண்டாட்டி பொள்ளாச்சிக்காரியாக்கும்" என்று ஓட்டுநர் உறவு கொண்டாடினார். தோப்பும்படிப் பாலம் தாண்டும்போது மீன் வாடை முகத்தில் அடித்தது.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் முன்பு மிளகு மூட்டைகளுக்கு இடையே வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும். சுக்கு நெடியில் தும்மல் ஓயாது. இப்போது பாதிக் கிடங்குகள் காபிக் கடைகளாகிவிட்டன. இரண்டு தும்மல்தான் வந்தது. எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. ஆடுகள் மட்டும் பழையபடி வாலைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றன. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் ஒன்றைத் தள்ளிவிட்டு வந்தார்.

பின்னல் கூடம் அதே கிடங்கின் மாடியில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் பின்னி, புதன்கிழமைகளில் இங்கே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். கணவனை இழந்தவர்கள் உண்டு, கணவன் இருந்தும் பயனில்லாதவர்கள் அதைவிட அதிகம். வெளிநாட்டு ஆர்டர் உறுதியானதும் பாதிப் பணம் முன்கூட்டியே வந்துவிடும். சரக்கு விற்கும்வரை பெண்கள் கூலிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லாபத்தில் ஒரு பங்கு பின்தெருவில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறது. எங்கள் ஊரில் கடைசிப் பெட்டி கப்பல் ஏறிய பிறகும் சம்பளத்துக்கு நடந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

பைக்குள்ளிருந்து ஆட்டை எடுத்ததுதான் தாமதம், மூலையில் இருந்த ஒரு பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "அல்லாவே! இது நம்மட ஆடு தன்னே!"

அவர் சபியா. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே தெரு. சாயா வந்தது. என் செக்கிங் வேலையைப் பற்றி நான் சொல்ல, ஆட்டின் கதையும் வந்தது. ஒரு முறை செம்மறிக் குட்டி பொம்மைகளுக்கு ஆர்டர் வந்ததாம். படமும் வந்ததாம்.

"படத்த செவுத்துல ஒட்டி வெச்சிருந்தோம். ஆனா யார் அதப் பாத்தா? ஜன்னல்ல எட்டிப் பாத்தா வெள்ளாடு. வாசல்ல ஆடு. கை அதப் பின்னிருச்சு. எல்லாத்துக்கும் வாலு மேல, தாடி கீழ. வாங்கினவன் அப்படியே திருப்பி அனுப்பிட்டான்!"

திரும்பி வந்த ஆடுகளை இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் யாரும் பொம்மையை வயிற்றைப் பிடித்துத் தூக்குவதில்லை, ஒரு காலைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டுதான் போகிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கால்களுக்கு மட்டும் இரட்டை நூல். பின்னி முடித்ததும் இன்னொருத்தி அதன் காலைப் பிடித்து மூன்று முறை உதறிப் பார்க்க வேண்டும். தன் பொம்மையைத் தானே உதறக் கூடாது. கை தானாக இரக்கம் காட்டிவிடுமாம்.

"எங்க மலர உங்களுக்கு நினைவிருக்காக்கா?" என்று கேட்டேன்.

சபியா ஆட்டைத் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேன். எத்தன பிள்ளைங்க! ஆனா ஆட்டக் குடுத்த பின்னாடி, பழைய கால எல்லாம் பிரிச்சு ரெட்ட நூல்ல பின்னிக் குடுத்தோமே. அதையே தேய்ச்சிட்டாளே உங்க மோள்! எத்தன வருஷம் புடிச்சு நடந்திருப்பா!" அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

அறுந்த இடத்தை மெல்ல விரித்து உட்புறத்தைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே ஆறிப்போன டீயின் நிறம். உள்ளே பலாச்சுளை மஞ்சள். வெயிலும் சோப்பும் படாமல் அப்படியே இருந்தது. அன்று படகில் பார்த்த ஆடு அந்த நிறத்தில்தான் இருந்தது, நான் அடியோடு மறந்திருந்தேன். திரும்பும் படகில் மலர் எங்களை அண்டவிடவில்லை. ஆட்டின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாள். பாதித் தண்ணீர் தாண்டியபோது இன்னொரு காலை என் பக்கம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். கரை வரும்வரை அவளும் நானும் ஆடும் அப்படியே நின்றோம்.

"ரெண்டு நெறத்துலயும் நூலு இருக்கு. எதுல போடட்டும்?" என்றார் சபியா.

மலரை வீடியோவில் அழைத்தேன். சபியா ஆட்டின் உட்புறத்தைக் காட்டினார். "பாரு மோளே, இதுதான் பழைய நெறம்." மலர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு, "அந்த மஞ்சள்லயே போடுங்கம்மா" என்றாள்.

சபியா கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார். வயிற்றோரம் ஒன்று நழுவி, ஒரு வரிசை சரசரவென்று உருவியது. அறையில் மற்ற ஊசிகள் நின்றன. அவர் பதறாமல் நகத்தால் அதை அமுக்கிப் பிடித்துத் திரும்ப ஏற்றினார். அரை மணியில் கால் முளைத்தது.

"உதறுங்க" என்று என்னிடம் நீட்டினார். "செக்கிங்ல இருந்தேன்னு சொன்னீங்கல்ல?"

வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பனியன்களை இரக்கமில்லாமல் இழுத்துப் பார்த்துக் கழித்திருக்கிறேன். இதை உதறும் முன் ஒரு முறை தடவிக்கொடுத்தேன். மூன்று முறை உதறினேன். கால் தாங்கியது. பெண்கள் சிரித்தார்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாலை ரயிலில், ஆலுவா வரும் முன்பே மலர் அழைத்தாள். ஆடு என் மடியில் இருந்தது.

"ஏன் கண்ணு அந்த மஞ்சள்? ஒட்டாம தனியா தெரியுதே" என்றேன்.

"தெரியட்டும்மா. அது புள்ள புடிக்கிற காலு. பழசு எனக்கு. படகுல நான் உங்களுக்கு ஒரு காலு குடுத்தேன்னு சொல்வீங்கல்ல, அந்த மாதிரி."

ரயில் பெரியாற்றுப் பாலத்தில் ஏறியது. என் கை ஆட்டின் பழைய கால் ஒன்றைப் பிடித்திருந்தது.