மாமி ஏறாத வண்டி

எங்கள் மாமிக்குத் திமிர் அதிகம் என்று பாறசாலைப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாப்பாவின் தங்கை அவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சொந்தமாக ஒரு தென்னந்தோப்பு மட்டும் இருந்தது. எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடமோ கூரையில்லாமல் ஒரு மாமரத்தடியில் நடந்தது. தோப்பு முழுவதையும் அதற்கே வக்ஃபாக, அதாவது பிறகு யாரும் விற்கவோ பங்கு போடவோ முடியாத தர்மமாக, எழுதிவைக்கப் போவதாக மாமி சொல்லிவிட்டார்.

வாப்பா சரி என்றார். அவர்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்த அண்ணன், என் பெரியவாப்பாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். மார்க்கச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நல்ல உடம்போடு எழுதினால் தோப்பு முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு. சாகக் கிடக்கும் நோயில் எழுதி அதிலேயே இறந்துபோனால், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குதான் செல்லும். மாமிக்கோ ஒரு மாதமாகக் காய்ச்சல்.

பத்திரம் பதியும் நாளில் போராட்டத்தால் பஸ் ஓடவில்லை. விடிந்ததும் பெரியவாப்பா மாட்டுவண்டியோடு வந்து நின்றார். உள்ளே மெத்தை விரித்து, தலையணைகூட வைத்திருந்தார். அப்படியொரு கரிசனம்!

"சொகமில்லாத ஒடம்பாக்கும். ஏறிப் படுத்துக்க பிள்ளே."

"எனக்குக் காலு ரெண்டும் உண்டு காக்கா. நீங்க படுத்துட்டுப் போங்க, நான் நடந்து வாறேன்."

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டார். வண்டிச் சவாரி கைநழுவிப் போன ஆத்திரத்தில், பத்திர ஆபீஸ் வரை இரண்டு மைலும் நான் அழுதேன். சந்தை முக்கில் மாமி வேண்டுமென்றே நின்று, வெற்றிலைக்கு விலை பேசி, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டு நடந்தார். ஆளில்லாத ஒற்றையடிப் பாதையில் மட்டும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"அழாத மக்கா. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடணும்லா."

பத்திரம் பதிவானது. மூன்றாம் வாரம் அதே காய்ச்சலில் மாமி மௌத்தானார். பெரியவாப்பா பள்ளிவாசலில் ஜமாஅத்தாரைக் கூட்டி, அது மரண நோய்தான் என்று வாதாடினார். வெற்றிலைக் கடைக்காரர் தான் பார்த்ததைச் சொன்னார். கூடப் போனவள் என்று என்னையும் கேட்டார்கள். அத்தனை பெரியவர்கள் நடுவிலும் எனக்குப் பயம் வரவில்லை. வண்டிக் கோபம்தான் வந்தது.

"பெரியவாப்பா மெத்தை போட்டு விளிச்சாவ. மாமி ஏறல்ல. என்னையும் ஏற விடல்ல. முழுக்க நடந்தே போனாவ!" என்று கத்தினேன்.

தோப்பு முழுவதும் பள்ளிக்கூடத்துக்கே என்று முடிவானது. பெரியவாப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த ஓட்டுக் கூரையின் கீழ்தான் நான் எட்டாம் வகுப்புவரை படித்தேன்.

தோளில் கிடந்த கையைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாமி ஆசையாக அணைத்துக்கொண்டு வந்தார் என்றே நினைத்திருந்தேன். வீடு வந்த பிறகும் அந்தத் தோள் ஏன் இரண்டு நாள் அப்படி வலித்தது என்று எனக்கு அப்போது தெரியாது.