பஞ்சாரத்துக் கோழியும் அண்ணியும்

அண்ணிக்குப் பிள்ளை பிறந்ததும் தீவில் எங்கள் கராச்சர்மா ஊர் வீட்டில் அம்மாவின் பத்தியம் தொடங்கியது. அரிசியைக் கழுவு கழுவென்று கழுவி, கஞ்சியை ஒட்ட வடித்து, வெறும் வெள்ளைச் சோறும் சுட்ட கருவாடும். காய், பருப்பு எதுவும் கூடாது. வடித்த கஞ்சி ஆட்டுக்கு. ஆடு மட்டும் புது மாப்பிள்ளை கணக்காக மினுமினுத்தது.

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிள்ளை அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்தார். அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்:

"இவளுக்கு திமாக் கலங்கிடுச்சு. பேய்தான். அடுத்த ஜஹாஜ்ல மெயின்லேண்டுக்கு ஏத்திவிட்டுடுவோம். பச்சா இங்கயே இருக்கட்டும், ஆட்டுப்பால் குடுத்து நான் வளத்துக்கிறேன்."

ரங்கத் பக்கம் சாலை போடும் வேலையில் இருந்த அண்ணன், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அண்ணியைக் கப்பல் ஏற்றச் சரி என்று சொல்லியனுப்பிவிட்டான்.

நான் மெட்ராஸில் விலங்கியல் படித்து, ஒரு பேப்பரில் கோட்டைவிட்டு ஊர் திரும்பியிருந்தவன். இருந்தாலும் மைட்டோகாண்ட்ரியா நினைவிருந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எரிகிற அடுப்பு அது. தவிட்டில் இருக்கும் வைட்டமின் கிடைக்காவிட்டால் எரியாமல் புகையும். மூளைக்குத்தான் முதல் பட்டினி. அம்மாவிடம் சொன்னேன்.

"ஃபெயிலானவன் வந்து எனக்கு அடுப்பு மூட்டச் சொல்லித் தர்றியா?" என்றாள்.

அதனால் ஒரு கோழியைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தேன். அண்ணிக்குப் போட்ட அதே சோற்றை மட்டும் போட்டேன். கப்பல் வருவதற்குள் கோழிக்கு உடம்பு கெட வேண்டுமே என்று எனக்குப் பதைப்பு. கெட்டது. கால் மடங்கிச் சாய்ந்து, கழுத்து முதுகுப் பக்கம் திருகி, கூரையை வெறித்தது. வெற்றிக் களிப்போடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கோழிக்கும் தொத்திடுச்சே! இவளை இன்னும் வச்சிருந்தா ஆட்டையும் பிடிச்சிரும்டா!"

அன்றே அண்ணியின் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஆத்திரத்தில் தவிட்டைக் கரைத்துக் கோழியின் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கப்பல் வருவதற்குள் கோழி எழுந்து நின்று என்னையே கொத்தியது. அம்மா தாடையில் கை வைத்து யோசித்தாள்.

"அப்போ இந்தப் பேய்க்குத் தவிடு ஆகாது."

அண்ணிக்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்சியது அவள்தான். என் மைட்டோகாண்ட்ரியாவை யாரும் சட்டை செய்யவில்லை. கப்பல் அண்ணி இல்லாமலே போனது.

தேறிய பிறகு ஒருநாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அண்ணி என் பெருமையையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தவிடுதான் மருந்துன்னு தெரிஞ்சிருக்கே, முதல்லயே எனக்குக் குடுத்திருக்கலாமே தம்பி?"

"அம்மா விட்டிருக்க மாட்டாங்க அண்ணி."

"கோழிக்குக் குடுக்க மட்டும் யாரைக் கேட்டீங்க?"