பிடுங்கிப் பார்க்காத கேபிள்

சர்வர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போடியில் நான் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் அது எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் படம் முதலில் அதற்குள் போகும். அங்கிருந்து மதுரையில் இருக்கும் நரம்பு டாக்டருக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இங்கே ஊசி, மருந்து எல்லாம். நான் ஆஸ்பத்திரி ஆள் கிடையாது. இரண்டு பள்ளிக்கூடம், ஓர் ஏலக்காய்க் கடை, இந்த ஆஸ்பத்திரி என்று நாலு இடத்துக் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பார்த்த வேலையைப் பீற்றிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது.

அந்த சர்வரின் முதுகில் கேபிள் சொருக இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில்தான் கேபிள் இருந்தது. அது போனால் மதுரைக்குப் படம் போகாது. இரண்டாவது துளையிலும் ஒரு கேபிளைச் சொருகி, இரண்டும் சேர்ந்து ஒரே பாதை என்று சர்வரை ஓட்டும் லினக்ஸிடம் சொல்லிவைக்கலாம். இதற்குப் பாண்டிங் என்று பேர். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது செத்தால் இரண்டாவது அந்தக் கணமே எடுத்துக்கொள்ளும். ஒண்ணுக்கு ரெண்டாக இருக்கட்டும் என்று நானேதான் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஆயுத பூசை அன்று காலையில் நோயாளிகள் வர மாட்டார்கள் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். என் லேப்டாப்புக்கு விடியற்காலையிலேயே பொட்டு வைத்து சாமி முன்னால் வைத்துவிட்டதால் வெறுங்கையோடு போனேன். எந்த வேலைக்கு எந்தக் கட்டளை வரி எழுத வேண்டும் என்று நான் குறித்து வைத்திருப்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பத்து வரிதானே, மனப்பாடமாகத் தெரியாதா என்று ஒரு தெனாவட்டு. ஆஸ்பத்திரிக் கீபோர்டிலேயே அடித்து முடித்தேன். நிலவரத்தைக் காட்டச் சொன்னேன். இரண்டு கேபிளும் உயிரோடு இருப்பதாகத் திரையில் வந்தது.

மிச்சம் ஒரு வேலைதான். ஓடிக்கொண்டிருக்கும் கேபிளைப் பிடுங்கி, மற்றது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கையை நீட்டும்போது மேனேஜர் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து சர்வரின் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"பூசை போட்டாச்சு தாயி. இனி நாளைக்கு வரைக்கும் யாரும் தொடப்பிடாது."

"ஒரு நிமிசம்ணே. ஒரு கேபிளப் புடுங்கிப் பாத்துட்டு மாட்டிருவேன்."

"இப்ப ஓடுதா ஓடலையா?"

"ஓடுது."

"பெறகு என்ன? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்தா, பொரியத் தின்னுட்டு வெரசா வீட்டுக்குப் போ."

பழியை அவர் தலையில் போட மாட்டேன். பொட்டு வைத்ததைத் தொட எனக்கும் மனசு வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அதற்கு மறுநாள் வேறு என்னவோ. அப்படியே தை மாதமும் வந்துவிட்டது. அதற்குள் ஏலக்காய்க் கடையில், பள்ளிக்கூடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம், "ஆஸ்பத்திரில ரெட்டைக் கேபிள் போட்டிருக்கேன், இனி நிக்கவே நிக்காது" என்று சொல்லித் திரிந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு போன் வந்தது. மதுரைக்குப் படம் போகவில்லை என்றார் மேனேஜர் அண்ணன். அவர் குரலே சரியில்லை. பக்கத்து ஊரான சிலமலைக்காரப் பெண் ஒருவர், மலையில் ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் வாய் குழறி, வலது கை துவண்டு விழுந்துவிட்டார். தோட்டத்து ஜீப்பில் போடிமெட்டு வளைவெல்லாம் இறக்கிக் கொண்டுவந்து சேர்க்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்திருந்தால் அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. விழுந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பாக இல்லாமல் ரத்தக் கசிவாக இருந்து அந்த ஊசியைப் போட்டால் ஆளே போய்விடும். அதைப் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரை மணி நேரம்தான் பாக்கி இருந்தது.

ஸ்கூட்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன். வராந்தாவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சுவரோடு சாய்ந்து நின்றார். அவர்தான் புருஷன் என்று பார்த்ததும் தெரிந்தது. உள்ளே டியூட்டி டாக்டர் ஸ்கேன் திரையைப் போனில் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பியிருந்தார். இதை வைத்து ஊசி போடச் சொல்ல முடியாது, முழுப் படமும் வேண்டும் என்று பதில் வந்திருந்தது.

சர்வரில் நிலவரத்தைப் பார்த்தேன். இரண்டு கேபிளும் உயிரோடு இருப்பதாகத் திரை சொன்னது. அதை நம்பினேன். கேபிளில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி, இன்டர்நெட் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்துத் திட்டினேன். கேபிள்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அணைத்துப் போட்டேன். சர்வரையே ஒரு தடவை நிறுத்திக் கிளப்பினேன், அது எழுந்திருக்கவே எட்டு நிமிடம் ஆனது. முப்பத்தைந்து நிமிடம் இப்படிப் போன பிறகு, வேறு வழி தெரியாமல் கூண்டுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். முதல் துளையின் பச்சை விளக்கு எரியவில்லை. கேபிளைப் பிடித்து மேலே பார்த்தால், கூரை ஓரத்தில் எலி கடித்துச் செம்புக்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

இரண்டாவது கேபிளைப் பிடுங்கி முதல் துளையில் சொருகினேன். படம் போக ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் வேலை, அரை நிமிடம்கூட ஆகாது.

மதுரை டாக்டர் அடைப்புதான் என்றார். ஆனால் நேரம் தாண்டிவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்து ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மட்டும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து என் பத்து வரியையும் லேப்டாப்பில் இருந்த குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். குறிப்பில் பதினோரு வரி இருந்தது. கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற வரியை விட்டிருக்கிறேன். அதை எழுதாவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் என்றால் பார்க்கவே பார்க்காது. செத்த கேபிளை உயிரோடு இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பூசை அன்று பிடுங்கிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அடிப் பாவி, அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "ஊசி போட்டிருந்தாலும் கை வந்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். மேனேஜர் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய எங்கயும் சொல்லிராத தாயி" என்றார். அதற்கு நானும் தலையை ஆட்டினேன். விட்ட வரியை அன்றே எழுதி, கேபிளையும் மாற்றி, பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் புருஷன் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பை நிறைய மொச்சைக்காய்.

"அன்னைக்கு எப்படி ஓடியாந்த, ஆத்தா! நீ வந்து சரி பண்ணலைன்னா அவ இல்லவே இல்லைன்னு நர்சம்மா சொல்லுச்சு."

வாயாடி என்று பேர் வாங்கிய நான் நடந்ததை விழுங்கிக்கொண்டு பையை வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருவது அந்த வரியை விட்டதற்கு அல்ல, அந்தப் பையை வாங்கியதற்குத்தான். அடுத்த மாதம் தேங்காயோடு வந்தார். அதையும் வாங்கினேன். மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்து, "அவ உன்னையப் பாக்கணுங்கிறா. ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்கு பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். அந்த அக்கா வாசலில் வந்து இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு திரும்பியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வந்தது. வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார். இடது கையாலேயே காப்பி டம்ளரை எடுத்து வைத்தார், கொஞ்சம் சிந்தியது.

காப்பியைத் தொடாமல் சொன்னேன். கேபிள், எலி, நான் விட்ட வரி, பூசை அன்று தொடாமல் போனது, திரையை நம்பி முப்பத்தைந்து நிமிடத்தைத் தொலைத்தது, எல்லாவற்றையும் அவர்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி சொன்னேன். டாக்டர் சொன்ன ஆறுதலையும் மறைக்கவில்லை. "என்னாலதான்க்கா நேரம் போச்சு. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் புருஷன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அக்கா என்னை வையவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். சிந்தியிருந்த காப்பியை இடது கையாலேயே துடைத்தார்.

"இத நீ சொல்லாம இருந்திருக்கலாம், ஆத்தா" என்றார். "அந்த நாள நெனச்சா எல்லாமே இருட்டா இருக்கும். எனக்குன்னு ஒருத்தி ஓடியாந்தாளேன்னு, உன்னைய மட்டுந்தான் நல்லதா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."